அடைக்கலத்துக்கு வந்தது அம்மை இல்லை

என் கண்ணிமையின் மூக்கோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சந்தனத்தை ஒரு மாதம் போலத் தேய்த்துக் கழுவினேன். மச்சினன் மகள் கல்யாணத்தில் வாசலில் வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சோப்பில் ஆரம்பித்து, சீயக்காய்க்குப் போய், கடைசியில் தேங்காய் நாரில் வந்து நின்றேன். இமை சிவந்தது. சந்தனம் மஞ்சளாக, மினுமினுப்பாக அப்படியே இருந்தது. அடுத்த கண்ணிலும் அதே இடத்தில் அதே அளவுக்குச் சந்தனம் முளைத்தபோதுதான், கல்யாண வீட்டார் இவ்வளவு கணக்காகத் தெளித்திருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

டாக்டர் பையன் பார்த்தான். அழுக்கும் இல்லை, சந்தனமும் இல்லை, தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றான். இந்தச் செய்தியை வீட்டில் சொன்னதற்கு, "அது எனக்கு நம்ம கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்று பதில் வந்தது.

ஊரெல்லாம் போய்க் கை கழுவச் சொல்லிக் கொடுத்த ஹெல்த் இன்ஸ்பெக்டராக முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான். என் முகத்தில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இதில் பெரிய வெட்கம், இதே மஞ்சள் சமாசாரத்தின் பெரியப்பாவை நான் ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன், அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதுதான்.

பெரியம்மையே உலகத்தில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், "நீங்க நெஜமாவே அம்மை பாத்திருக்கீங்களா சார்?" என்று, ராஜாவைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கும் தோரணையில் கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு நான் சொல்வது, பார்க்காத அம்மையின் கதையை.

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவில் சேர்ந்த புதிது. மதராசில் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கிணற்றைச் சுத்தம் செய்யவும், கொசுவின் குடும்பம் கோத்திரம் அறியவும், ஐந்து விதமான கக்கூஸ் கட்டவும் கற்றுக்கொண்டேன். அன்னவாசலில் வந்து இறங்கினால் கிணறும் கொசுவும் இருந்தன. மூன்றாவது விஷயத்துக்கு வெட்டவெளிதான் இருந்தது. ஆக, எனக்கு மிஞ்சிய வேலை அம்மை குத்துவது.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணி சுற்றிய பானைக்குள் அம்மைப்பால் குழாய்கள். குத்தப்போகும் கையைத் தண்ணீரால் மட்டும் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டால் மருந்து செத்துவிடும். ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் பல்சக்கரம் மாதிரி ஒரு கருவியை அழுத்தி ஒரு திருகு. திருகுவது என் பங்கு. அதற்கு முன்னால், வைக்கோல்போருக்குள்ளும் குதிருக்குள்ளும் ஒளிந்திருக்கும் ஜனங்களை வெளியே இழுப்பதும் என் பங்குதான். ஆத்தா வந்து அவளாக முத்துப் போடுவது ஒன்று, சர்க்கார் ஆள் வந்து குத்திவிட்டுப் போவது வேறொன்று என்பது ஊரின் கட்சி.

எங்கள் ஹெல்த் ஆபீசர் திருச்சியிலிருந்து முகாம் வருவார். ஒல்லியான டாக்டர். யாரையும் அவர் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாம் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்படியா" என்பார். அதில் கேள்வியும் இருக்காது, சந்தேகமும் இருக்காது. ஒரு தடவை, கிணற்றுக்கெல்லாம் மருந்து போட்டாயிற்று என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவரே வாளியை இறக்கி, ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை என்னிடம் நீட்டினார், நானும் முகர்வதற்காக. அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

இனி அடைக்கலம். அன்னவாசலில் கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். உருளைபோல் உடம்பு. அவர் சம்சாரம் பொன்னம்மா ஒல்லி. செக்கையும் மாட்டையும் அவரையும் அந்த அம்மாள்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. வெல்லப் பானையின் சாவி அதன் இடுப்பில் இருக்கும். அந்த மனிதருக்குச் சித்திரை மாதம் முதுகிலும் முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் மஞ்சளாகப் பருக்கள் கிளம்பின. துவரம்பருப்பு அளவு. ஒவ்வொன்றையும் சுற்றி லேசான சிவப்பு.

மஞ்சள் நிறம், முத்து உருவம், கோடைகாலம். வீட்டு வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது.

நான் போய்ப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கால் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். காய்ச்சல் இல்லை. அம்மை முகத்தில் வாரி இறைக்கும். இங்கே முகம் பளிங்கு. அம்மைக் கொப்புளம் சீழ் பிடித்துக் காய்ந்து பொருக்காகும். இது வந்தபடியே உட்கார்ந்திருந்தது. எனக்கு நிச்சயமாகிவிட்டது. வாசலுக்கு வந்து, கூடியிருந்தவர்களிடம் பிரசங்கம் செய்தேன். காய்ச்சலே இல்லை பாருங்கள், வீட்டில் இன்னொருவருக்கு ஒட்டவில்லை பாருங்கள், முகத்தைத் தொடவில்லை பாருங்கள் என்றேன். கோயில் பூசாரி கருப்பையா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"ஐயாவே சொல்லிட்டாரு. சுடல, பரவல, மொகத்தச் சிதைக்கல. ஆத்தா குளுந்து வந்திருக்கா."

பயம் போய்விட்டது. அம்மை வீட்டுப் பக்கமே வராத ஜனங்கள் செம்பும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். ஆத்தா வந்த உடம்புக்குக் குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டும் என்பது சாஸ்திரம். இளநீர், பானகம், அரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவு. அடைக்கலம் வேப்பிலைப் படுக்கையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். பருக்கள் பெருகின. ஆத்தாவுக்குக் குளிர்ச்சி போதவில்லை என்று இன்னும் வெல்லம் கரைத்தார்கள்.

இந்த நேரத்தில் கிராம முன்சீப் தன் கடமையைச் செய்தார். அன்னவாசலில் அம்மை என்று மேலே எழுதிவிட்டார். தெரு முழுக்கக் குத்தும்படி எனக்கு உத்தரவு வந்தது. அம்மை இல்லை என்று பதில் எழுதினேன். இல்லை என்று உறுதியாகும் வரை உண்டு என்றே கருதி நடவடிக்கை எடுக்கவும் என்று திரும்ப வந்தது. எடுத்தேன். வீடு வீடாகப் போய், "அடைக்கலத்துக்கு வந்தது அம்மை இல்லை, பயப்படாதீங்க, கையை நீட்டுங்க" என்று சொல்லிச் சொல்லித் திருகினேன். பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே குத்த வரும் ஆளை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். படிப்பறிவு இல்லாததால் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னம்மாவிடம் நான் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இது வேறு ஏதோ வியாதி என்றேன். என்ன வியாதி என்று அந்த அம்மாள் கேட்டது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லப் பிடிக்காமல், ரத்தம் சம்பந்தப்பட்டது என்றேன். கருவேப்பிலையைக்கூடத் தாளிக்காமல் வெறும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அந்த அம்மாள் அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தது.

"எம் மூத்த பயலுக்கு ஆத்தா வந்தப்ப ஒங்கள மாதிரி ஒரு ஐயாதான் சொன்னாரு. நானும் மருந்தக் கரைச்சுக் குடுத்தேன். வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிட்டான். மருந்தாலன்னு சொல்லல நான். ஆனா எங் கையாலதான குடுத்தேன்? இவருக்கும் எங் கையாலயே குடுக்கச் சொல்றீங்களா?"

மதராசில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வெளியே வந்தேன். வரும்போது அடைக்கலம் ஜாடை காட்டிக் கூப்பிட்டார். இவராவது புத்தியோடு பேசுவார் என்று குனிந்தேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கண்ணாலங் கட்டுனதுலேருந்து ஒரு துண்டு வெல்லம் தங் கையால குடுத்ததில்ல இவ. இப்ப செம்பு செம்பாக் குடுக்குறா. கால அமுக்கி விடுறா. ஆத்தா கொஞ்ச நாளு இருந்துட்டுத்தான் போகட்டுமே."

நோயாளியும் எதிர்க்கட்சி. அவருடைய நாக்கு வறண்டிருந்ததையும், பேச்சுக்கு நடுவே செம்புச் செம்பாகத் தண்ணீர் குடித்ததையும், வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியதையும் என் கண் பார்த்தது, மண்டை பார்க்கவில்லை. புழக்கடையில் எறும்பு சாரைசாரையாகப் போனதும் தெரிந்தது. பானகம் சிந்தாத இடமே அந்த வீட்டில் இல்லை. எந்த எறும்பு எதற்காகப் போகிறது என்று யார் கண்டது?

ஹெல்த் ஆபீசர் அந்த வாரம் முகாம் வந்தார். என் கட்சியை ஆதியோடந்தமாகச் சொன்னேன். "அப்படியா" என்றார். அடைக்கலத்தின் வீட்டில் கால் கழுவி உள்ளே போய், ஒரு முக்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, நோயாளிக்கு நேராக உட்கார்ந்தார். முதுகு, முழங்கை, முட்டி என்று ஒவ்வொரு பருவாகப் பார்த்தார். வைத்தியர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் நோயாளிக்கு என்ன ஆகுமோ தெரியாது, நான் சொன்னதையெல்லாம் மனசுக்குள் மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, முழங்கைப் பரு ஒன்றின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். சுற்றியிருந்த சிவப்பு கண்ணாடிக்கு அடியில் ஓடி மறைந்தது. மஞ்சள் மட்டும், வெண்ணெய்த் துளி மாதிரி, அப்படியே நின்றது. என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

"அம்மை மூஞ்சியைத் தேடும். இது முட்டியைத் தேடுது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. அப்புறம் அடைக்கலத்திடம் முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அந்தப் பட்டியலை அடைக்கலம் ஆசையோடு சொல்லி முடிக்க நேரமாயிற்று. டாக்டர் என் பக்கம் திரும்பி, சிறுநீரைச் சோதித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியா."

சோதனை என்பது, நீலமாக இருக்கும் ஒரு திரவத்தைக் குழாயில் ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவது. சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய், மிகவும் அதிகமாக இருந்தால் செங்கல் சிவப்பாகும். ஆத்தா இருக்கும் வீட்டுக்குள் எதையும் கொதிக்க வைக்கக் கூடாது என்று பொன்னம்மா மறித்துவிட்டது. ஆகையால் தெருவில், செக்கு மாடு கட்டும் கல்தூணுக்குப் பக்கத்தில் விளக்கை ஏற்றினேன். சொட்டு எங்கிருந்து வந்தது என்பது புழக்கடைக்கு வந்திருந்த எனக்கும் அடைக்கலத்துக்கும், கேட்டு வாங்கிய டாக்டருக்கும் மட்டும் தெரியும். தெரு முழுக்கக் கூடிவிட்டது.

கொதிக்க ஆரம்பித்ததுதான் தாமதம். நீலம் கலங்கி, பச்சை வந்ததோ இல்லையோ, குழாய் முழுக்கச் செக்கச்செவேலென்று திரண்டு வந்தது. அப்படி ஒரு சிவப்பை அதுவரைக்கும் நான் பாடப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். வெற்றிப் பெருமிதத்தில் குழாயை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன்.

"குங்குமம்" என்று ஒரு குரல் கேட்டது.

அடுத்த கணம் கருப்பையா தலைக்கு மேல் கை குவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். முன் வரிசையில் நின்ற ஒரு கிழவர் குழாயை நோக்கிக் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தண்ணியில குங்குமத்த வரவச்சுட்டா, சர்க்கார் ஆள் கையாலயே வரவச்சுட்டா என்று பேச்சு பின் வரிசைக்குப் போயிற்று. குழாயில் இருப்பது என்னவென்று நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். விஞ்ஞானம் என்னிடம் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவரின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. டாக்டரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப்புக்குப் போகும் வழியில், இதற்குச் சட்டம் இல்லையா என்று ஆற்றாமையோடு கேட்டேன். இருக்கிறது என்றார். அம்மையாக இருந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்த் தனிக் கொட்டகையில் வைக்க நமக்கு அதிகாரம் உண்டு. அம்மை இல்லை என்று நிரூபித்துவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது.

கிளம்பும் முன் அவர் பொன்னம்மாவிடம் தனியாகப் பேசினார். உங்கள் கையால் மருந்து தர வேண்டாம், பானகத்தையும் துள்ளுமாவையும் நிறுத்திவிட்டு நீர்மோரும் கேப்பைக்கூழும் கொடுங்கள், அதுவும் குளிர்ச்சிதானே என்றார். பொன்னம்மா ஒப்புக்கொண்டது, சொன்னபடி செய்யவும் செய்தது. ஆனால் குங்குமம் வந்த சேதி குடுமியான்மலை வரைக்கும் போயிருந்தது. ஊர் ஜனம் கொண்டுவரும் செம்பை ஆத்தா வாசலில் யார் மறிப்பது? பொன்னம்மா செக்கடிக்குப் போகும் நேரமாகப் பார்த்து அடைக்கலம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். ஆள் தூங்க ஆரம்பித்து, எழுப்பினால் எழுந்திருக்காமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் என்னிடமும் அந்த அம்மாளிடமும் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை முகாமுக்குப் போனார்.

ஒரு நாள் விடியற்காலையில் செக்கடி ஆள் வந்து, பொன்னம்மா ஆச்சி கூப்பிடுது என்றான். ஓடினேன். அடைக்கலம் மல்லாந்து கிடந்தார். உருளையாக இருந்த உடம்பு வற்றிப்போயிருந்தது. மூச்சு மட்டும் துருத்திபோல் ஆழமாக இழுத்து இழுத்து வந்தது. கிட்டத்தில் குனிந்தால் அழுகப்போகும் பழத்தின் வாடை. கருப்பையா அதை ஆத்தாவின் வாசனை என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தட்டினேன், கிள்ளினேன். கண் திறக்கவில்லை.

"இப்பவே கெளம்பணும்" என்றேன். அதற்கு மேல் என்னிடம் பிரசங்கம் இல்லை.

கருப்பையா மறித்தார். முத்து இறங்கவில்லை. இறங்கின பிறகு ஆத்தாவிடம் உத்தரவு கேட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஆத்தா இருக்கும் உடம்பை வீட்டு வாசப்படி தாண்ட விடக் கூடாது. அவர் சொன்னது ஊர் வழக்கம். அவர் தன் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பொன்னம்மா எழுந்தது. முற்றத்தில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷன் தலைமாட்டில் நின்றது. பேசியது அவரோடு இல்லை, எங்களோடும் இல்லை.

"ஆத்தா, வந்தவள வான்னு கூப்புட்டோம். உப்புப் போடாமத் தின்னோம், ஒரு கொற வைக்கல. மூத்தவனக் கேட்ட, குடுத்தேன். இவரக் குடுக்க மாட்டேன். நீ பொறப்படு. கோவம்னா நாளைக்கி எங்கிட்ட வா, நான் இங்கிட்டுத்தான் இருப்பேன்."

தண்ணீர் அடைக்கலத்தின் தலையில் விழுந்தது. கருப்பையா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செக்கடியில் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. மூட்டைகளின் மேல் அவரைக் கிடத்தினோம். பொன்னம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டது. புதுக்கோட்டை போய்ச் சேரும் வரை, அந்த மூச்சு நின்றுவிட்டால் இந்தப் பெண்ணுக்கு ஊரில் யார் முகம் கொடுப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அவள் கையாலேதானே ஊற்றியிருக்கிறாள்?

ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டரே வந்து நின்றார். இன்சுலின் போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். எடுத்த ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தபோது, சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிநீர் நிற்க வேண்டிய இடத்தில் சுத்தமான வெள்ளை நின்றது. பால். செக்கில் ஆட்டியதெல்லாம் அந்த மனிதரின் ரத்தத்துக்குள் போய் மிதந்துகொண்டிருந்தது. அந்தக் கொழுப்புத்தான் தோலுக்கு வந்து மஞ்சள் முத்தாக உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை வியாதி முற்றினவர்களில் யாரோ ஒருவருக்கு, எப்போதோ வரும் என்றார் டாக்டர். தடித்த புத்தகத்தைத் திறந்து அதன் பெயரைக் காட்டினார். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நோயே தீர்ந்துவிடும்.

"நான் முதல்லேயே அம்மை இல்லைன்னு சொன்னேன் சார்" என்றேன்.

"அப்படியா" என்றார்.

இரண்டாம் நாள் அடைக்கலம் கண் விழித்து, குடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். பொன்னம்மா வெந்நீர் கொடுத்தது. வாரங்கள் போகப் போகப் பருக்கள் துவரை அளவிலிருந்து கடுகாகி, தழும்பில்லாமல் அமுங்கிப் போயின. வெல்லப் பானையின் சாவி பழைய இடுப்புக்கே திரும்பியது. அன்னவாசல் கம்பவுண்டரிடம் தினம் ஊசி போட்டுக்கொண்டு, கேப்பைக்கூழைச் சபித்துக்கொண்டு அந்த மனிதர் பல வருஷம் இருந்தார். என்னை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பல வருஷம் கழித்து, ஊர் ஊராகத் தீவிரமாகக் குத்திக்கொண்டிருந்த காலத்தில் மறுபடி அந்தத் தெருவுக்குப் போனேன். யாரும் வைக்கோல்போருக்குள் ஒளியவில்லை. பொன்னம்மா தம்பி பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தித் தானே கையைத் துடைத்துவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என் பிரசங்கம் காலம் கடந்தாவது விளைந்திருக்கிறது என்று நினைத்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நான் அன்றைக்கு அவ்வளவு சொல்லியும் ஏன் நம்பவில்லை என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் கடைசிப் பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னது.

"எனக்கே மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சுய்யா. நீங்க வந்து தெருப் பூராவும் அம்மை குத்தவுந்தான் நெசம்னு நம்புனேன்."